மூன்று விமானப் பள்ளிகளும் ஃபெயில்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும், வீட்டில் அவளும், மகளும் சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதுவதற்கு முன் காலையில் ரத்த அழுத்தம் பார்த்தேன், நூற்று நாற்பத்தைந்து காட்டியது. அதைச் சௌக்கியத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று தெரியாததால் பொதுவாக எழுதிவிட்டேன். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் "அக்கா" என்று ஆரம்பித்தால் மீதியை நீயே பேசி முடித்துவிடுகிறாய். கடிதத்தில்தான் எனக்கு முறை வரும். கூரியர்காரர் ஐந்து நாளில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இன்று தேதி பன்னிரண்டு. இருபதுக்குள் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்; தயவுசெய்து கடைசிப் பக்கத்தை முதலில் படிக்காதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். என் மகள் விமானம் ஓட்டப் போகிறாளாம். விளையாட்டுக்கு அல்ல, பின்னால் நூற்றைம்பது பேர் உட்கார்ந்து வரும் பயணிகள் விமானம். கல்லூரி முடித்ததிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறாள். கண், காது, இதயம் எல்லாவற்றையும் சோதித்து டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார். பயிற்சி வெளிநாட்டில். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் என் தட்டை நகர்த்திவிட்டு மூன்று பள்ளிகளின் விவரப் புத்தகங்களை வைத்தாள். மூன்றும் மூன்று நாடு. "அப்பா, மூணையும் பாருங்க. இருபதாம் தேதிக்குள்ள ஒண்ணுக்கு உறுதி சொல்லணும். விட்டா அடுத்த சேர்க்கைக்கு ஒரு வருஷம் காத்திருக்கணும்" என்றாள். நான் அன்றைக்கே "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "பார்த்துடலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் எனக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொல்ல முடியாதே. முப்பத்தொரு வருஷம் ஓட்டுநர் தேர்வாளராக இருந்தவன். கையில் அட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, ஓட்டுபவரின் பக்கத்து சீட், இதுதான் என் ஆபீஸ். நூறு பேர் வந்தால் முப்பது பேருக்குத்தான் பாஸ் போடுவேன். மீதி எழுபது பேரிடமும் ஒரே வார்த்தை: "நீங்க இன்னும் தயாராகலை, அடுத்த மாசம் வாங்க." அந்த எழுபது பேர் வண்டியில் யாரும் அடிபடவில்லை என்பது எனக்குப் பெருமை. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனபோது பழைய தேர்வுப் படிவங்களைக் குப்பையில் போடப் போனார்கள், நான் ஒரு கட்டு எடுத்து வந்தேன். அதில் மூன்று தாளை உருவி, பெயர் என்ற இடத்தில் பள்ளியின் பெயரை எழுதி, மார்க் போட உட்கார்ந்தேன். கண்ணாடி பார்த்தல், கைச்சைகை, மேட்டில் நிறுத்தி எடுத்தல், ரிவர்ஸ். வீட்டில் அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "பிளேனுக்கு எதுக்குங்க கைச்சைகை?" என்றாள். அந்த இடத்தில் கோடு போட்டேன். பிறகு யோசித்தால் மேட்டில் நிறுத்துவதும் அங்கே கிடையாது. அதற்கும் கோடு. ரிவர்ஸுக்கு மட்டும் எனக்கு மனசு வரவில்லை, கேட்டுப் பார்த்துவிடுவோம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் பள்ளியோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசினோம். அவர்கள் பேசும் வேகம் எனக்குப் பிடிபடவில்லை, மகள்தான் நடுவில் மொழிபெயர்த்தாள். அங்கேயே எனக்குக் குழப்பம். நான் ஒரு பக்கத்துக்குக் கேட்பதை அவள் நாலு வார்த்தையில் முடித்துவிடுகிறாள். "நான் கேட்டது மொத்தமும் போயிடுச்சா?" என்றால், "போயிடுச்சுப்பா" என்கிறாள். சரி, அந்தப் பள்ளிக்காரர் சிரித்த முகமாக, எங்களிடம் சேர்ந்தவர்கள் நூற்றுக்கு நூறு பேரும் பாஸ் என்றார். எல்லாரும் பாஸ் என்றால் அங்கே தேர்வாளர் என்று ஒருவர் இருக்கிறாரா, இல்லை நாற்காலி மட்டும் போட்டு வைத்திருக்கிறார்களா? பெரிய எழுத்தில் ஃபெயில் போட்டேன். அவர் இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது நீ இருக்கும் நாட்டிலேயே, உன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, உன் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரமாம். வருஷத்தில் முந்நூற்றிருபது நாள் வெயில், அதனால் தடங்கலில்லாமல் பறக்கலாம் என்றார்கள். அப்படியானால் மழையில் ஓட்ட எங்கே கற்றுக்கொள்வாள் என்று கேட்டேன். அதற்குத் தனியாகக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி உண்டு, வெளியே தெரியாதபடி கண்ணுக்கு மறைப்பு மாட்டிவிடுவோம் என்றார்கள். அக்கா, முப்பத்தொரு வருஷம் வெளியே பார்க்காதவர்களையெல்லாம் ஃபெயில் போட்டேன், இவர்கள் மறைப்பு மாட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள்! அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்பதற்காக ஒரு மார்க் போட்டேன், பிறகு வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அதையும் அடித்துவிட்டேன். நீ தப்பாக நினைக்காதே, இது ஆபீஸ் பழக்கம்.

மூன்றாவது பள்ளிக்காரரோடு போன சனிக்கிழமை பேசினோம், ஒரு மணி நேரம். அவரைத்தான் எனக்குப் பிடித்தது. முகத்தில் சிரிப்பே இல்லை. போன வருஷம் நாற்பது பேரில் பதினொரு பேர் தேறவில்லை என்று மறைக்காமல் சொன்னார். நான் எழுந்து கை கொடுக்கப் போனேன், திரையில் இடித்துக்கொண்டேன். ஆனால் அங்கே மழையும் மூடுபனியும். பிள்ளைகள் மாதக்கணக்கில் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். அதுவும் ஒரு பயிற்சிதானே என்று விட்டுவிட்டு ரிவர்ஸ் பற்றிக் கேட்டேன். மகள் மொழிபெயர்க்கத் தயங்கினாள், நான் விடவில்லை. சின்னப் பயிற்சி விமானம் பின்னால் போகாது, இறங்கிக் கையால் தள்ளுவோம் என்று சொல்லிவிட்டார். கையால்! பேட்டரி போன வண்டி மாதிரி! ரிவர்ஸ் தெரியாத எந்த வண்டிக்கும் நான் இதுவரை பாஸ் போட்டதில்லை. மூன்றாவதும் போச்சு.

மூன்றும் ஃபெயில் ஆனதும் அடுத்து என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. யாராவது விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று நேற்று மெத்தைக் கடை மாடியில் இருக்கும் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகரிடம் தனியாகப் போனேன். மேஜையில் ஒரு பொம்மை விமானம், அதற்கு ஒரு சக்கரம் இல்லை, சாய்ந்து நின்றது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், என்னைத் தெரியலையா? அஞ்சு தடவை ஃபெயில் போட்டீங்களே!" என்றார். உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்க ஆரம்பித்தார் பார். ஒத்தை இன்ஜினா, ரெட்டை இன்ஜினா? ஒரு விமானத்துக்கு எத்தனை மாணவர்கள் என்று விசாரிச்சீங்களா? அசையாத அறைக்குள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி பழகுவதில் எத்தனை மணி நேரம் கணக்கில் வரும்? அங்கே வாங்குற லைசென்ஸை நம்ம நாட்டுக்கு மாத்த மறுபடி பரீட்சை எழுதணுமே, அதுக்கு என்ன ஏற்பாடு? நான், "ஏன், அந்த வானமும் இந்த வானமும் வேற வேறயா?" என்று கேட்டேன். அவர் என் ஃபைலை மூடி என் பக்கம் தள்ளி, "சார், நீங்க இன்னும் தயாராகலை. அடுத்த வாரம் வாங்க" என்றார். எத்தனை வருஷமாகக் காத்திருந்தாரோ. இறங்கி வரும்போது அவர் கார் நிறுத்தியிருந்த லட்சணத்தைப் பார்த்தேன், இரண்டு சக்கரம் நடைபாதை மேல். நான் ஐந்து தடவை செய்தது சரிதான்.

இப்போது உன்னிடம் கேட்கும் காரியத்துக்கு வருகிறேன். நீ அவளுக்கு இருபதாம் தேதிக்குள் போன் செய்து, இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிடு. அத்தை பேச்சை அவள் தட்டமாட்டாள். காரணம் கேட்டால் இதைச் சொல்: அவளுக்கு இன்னும் கார் லைசென்ஸே கிடையாது. என்னிடம் மூன்று தடவை தேர்வுக்கு வந்தாள், மூன்று தடவையும் ஃபெயில். முதல் தடவை மேட்டில் வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. இரண்டாம் தடவை கண்ணாடி பார்க்க மறந்தாள். மூன்றாம் தடவை, உன்னிடம் சொல்வதற்கென்ன, ஒரு தப்பும் பண்ணவில்லை. அதுதான் சிக்கலாகிவிட்டது. வரிசையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், சொந்தப் பொண்ணுன்னு பாஸ் போட்டுட்டான் பாருன்னு பேச மாட்டாங்களா? இன்னும் தயாராகலை என்று எழுதினேன். "சரிப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் எல் போர்டு மாட்டிக்கொண்டு அவள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்கும் நான் "கண்ணாடி" என்று சொன்னால்தான் கண்ணாடி பார்க்கிறாள். இவளை நம்பி நூற்றைம்பது பேர் எப்படி ஏறுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. தேர்வு வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் நான் மிதித்தால் நின்றுவிடும், அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் உட்கார்ந்தேன். அங்கே எனக்கு எந்த சீட் அக்கா? பயமாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்லாதே, லைசென்ஸ் காரணத்தை மட்டும் சொல்.

அத்தானுக்கு என் நமஸ்காரம், முழங்காலை மடக்காமல் இருக்கச் சொல். உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். யாராவது கார் ஓட்டும் வயதை எட்டியிருந்தால் எனக்குத் தெரிவிக்கவும். வீட்டில் அவள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் சொல் தட்டாத தம்பி

பி.கு.: அக்கா, போன் பண்ணிடாதே. மேலே எழுதினது எதையும் கணக்கில் எடுத்துக்காதே. மூன்றாவது பள்ளியின் விவரத்தை இதோடு வைக்கலாம் என்று மகளின் ஃபைலைத் திறந்தேன். முதல் தாளே அவளுடைய கார் லைசென்ஸ் நகல். பதினாலு மாசம் ஆகியிருக்கு. பக்கத்து ஊர் ஆபீஸில், முதல் தடவையிலேயே பாஸ்! அடுத்த தாள், உன் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கு உறுதி சொன்ன கடிதம், இந்த மாசம் நாலாம் தேதி. அதுக்கப்புறமும் மூணாவது பள்ளிக்காரர்கிட்ட ஒரு மணி நேரம் எனக்காக மொழிபெயர்த்திருக்கா. கூப்பிட்டுக் கேட்டேன். "லைசென்ஸ் வந்துடுச்சுன்னு சொன்னா ஞாயித்துக்கிழமை நீங்க கூட வர மாட்டீங்களேப்பா" என்றாள். "அந்தப் பள்ளி எதுக்கும்மா?" என்றேன். "அத்தை பக்கத்துல இருந்தா நீங்க தூங்குவீங்க" என்றாள். நான் அடித்துவிட்ட அந்த ஒரு மார்க்கை அவள் போட்டிருக்கிறாள். வீட்டில் அவளுக்கும் எல்லாம் தெரியுமாம். "முப்பது வருஷமா நீங்க ஓட்ட நான் பக்கத்துல உட்கார்ந்து வர்றேன், என்னைக்காவது ஏதாவது சொன்னேனா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பழைய படிவக் கட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து மகள் பெயர் எழுதி, எல்லா இடத்திலும் பாஸ் போட்டு, மூன்றாம் தேர்வு நடந்த தேதியைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அவள் அங்கே வந்ததும் நீயே அவள் கையில் கொடு, நேரில் கொடுக்க எனக்குத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க வருவாள். பக்கத்து சீட்டில் உட்கார். கண்ணாடி, பிரேக் என்று ஒன்றும் சொல்லாதே, அக்கா. அவளுக்கு ஓட்டத் தெரியும்.