ஹசுமதி வீட்டு எலிகள்

அகமதாபாத்,
ஷ்ராவண மாதம், வியாழக்கிழமை காலை

மதிப்புக்குரிய மைத்துனர் மன்சுக்பாய் அவர்களுக்கு, தங்கள் தங்கை ஹசுமதியைக் கைப்பிடித்த பானாசந்த் இரு கை கூப்பி எழுதுவது. ஜெய் ஜினேந்திரா. காட்கோபரில் தாங்களும் தங்கள் துணைவியாரும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகள் கின்னரியும் உயிரோடு இருக்கிறோம். ஹசுமதி சுகம். எலிகள் பரம சுகம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வடோதராவிலிருந்து, கின்னரிக்குப் பார்த்திருக்கும் பையன் பரேஷின் தாயார் சந்தன்பென் நம் வீட்டைப் பார்க்க வருகிறார். பையனைக் கின்னரி போன மாதமே ஒரு விசேஷத்தில் பார்த்துப் பேசிவிட்டாள். தங்கள் மருமகளின் சங்கதி தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவன் சிரிப்பு குதிரை கனைப்பது போல இருக்கிறது என்றாள், ஒருவன் பருப்பை உறிஞ்சிக் குடிக்கிறான் என்றாள், ஒருவனை ஏன் வேண்டாம் என்றாள் என்று இன்றுவரை சொல்லவே இல்லை. இந்தப் பரேஷைப் பற்றிக் கேட்டபோது மட்டும் "ஏதோ, பரவால்லப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், இரண்டு தடவை உப்புப் போட்டு மோர்க்குழம்பு செய்தாள். அவ்வளவு பிடித்திருக்கிறது. இருபத்தெட்டு வயதில் என் பெண்ணுக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தச் சந்தன்பென் இதுவரை பதினொரு பெண் வீட்டுக்குப் போய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தவராம். அப்பேர்ப்பட்டவர் நம் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது தலைக்கு மேலே பரண் பலகையில் எலிகள் பந்தயம் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் போள் போன்ற பழைய சந்துக் குடியிருப்பில் எலி புதிதல்ல. எல்லாமே மர வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, நடுத்தெருவில் புறாவுக்குத் தீனி போடும் மேடை வேறு. புறா சிந்தியதை எலி தின்கிறது, இதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அவை மேடையை விட்டுவிட்டு நம் வீட்டுக்கே குடிவந்துவிட்டன. ஹசுமதி டப்பா டப்பாவாகச் சுட்டு அடுக்கிய காக்ரா ரொட்டியைச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மொறுமொறுவென்று கடிக்கின்றன. எனக்குப் பல் போன பிறகு நான் காக்ரா கடித்ததில்லை, என் வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் குறையவில்லை. நான் சாமாயிகத் தியானத்துக்கு உட்காரும் கம்பளி விரிப்பில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய்க் கூடு கட்டியிருக்கின்றன. போன செவ்வாய்க்கிழமை மீதிப் பாதியில் உட்கார்ந்து நாற்பத்தெட்டு நிமிஷம் அசைவதில்லை என்று உறுதி எடுத்துக் கண்ணை மூடினேன். பத்தாவது நிமிஷம் ஒன்று என் மடியில் ஏறி உட்கார்ந்து மீசையை நீவிக்கொண்டது. உறுதி எடுத்தாயிற்றே, என்ன செய்வது? முப்பத்தெட்டு நிமிஷம், மன்சுக்பாய். கண்ணைத் திறந்து பார்த்தால் எதிரே உங்கள் தங்கை கண்ணில் நீர் ததும்பக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். என்னையா, எலியையா என்று கேட்கவில்லை.

எலியைக் கொல்வது என்ற பேச்சு நம் சமணக் குலத்திலேயே கிடையாது, அதை நானும் நினைக்கவில்லை. உயிரோடு பிடிக்கலாம் என்று கம்பிக் கூண்டு ஒன்று வாங்கி வந்தேன். அதற்குள் என்ன வைப்பது என்பதில் முதல் சண்டை. கடைக்காரன் வெங்காயப் பஜியா வைக்கச் சொன்னான். நம் வாசலுக்குள் வெங்காயம் நுழையுமா? நெய் தடவிய ரோட்லி என்று முடிவாயிற்று. சாயங்காலம் வைத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பினால் உங்கள் தங்கை அதை எடுத்துக்கொண்டு போகிறாள்.

"என்னடி பண்றே?"

"சூரியன் எறங்கப் போவுதுல்ல?"

"அதனால?"

"நாம பொழுது சாஞ்சா வாயில பச்சத்தண்ணி படறதில்ல. அந்த வாயில்லா ஜீவனுக்கு ராத்திரில சோறு காட்டி ஆசை மூட்டினா அந்தப் பாவம் யாருக்குங்க? வெச்சவங்களுக்குத்தானே?"

"எலி ராத்திரிலதான் வரும், ஹசுமதி!"

"அது தெரியாமப் பண்ணுது. நாம தெரிஞ்சு பண்ணலாமா?"

முப்பத்திரண்டு வருஷம் மில்லில் நூற்றைம்பது ஆட்களை மேய்த்தேன், ஒருத்தன் இப்படி என் வாயை அடைத்ததில்லை. ஆகையால் பதினாறு நாட்களாக நம் வீட்டுப் பொறியில் காலையில் சூரியன் உதித்து நாற்பத்தெட்டு நிமிஷம் கழித்து ரோட்லி வைக்கப்படுகிறது, மாலையில் அஸ்தமனத்துக்கு முன்னால் எடுக்கப்படுகிறது. எலிகள் இருட்டியதும் வந்து காலிக் கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காக்ரா டப்பாவுக்குப் போகின்றன.

அப்படியும் ஒரு அசட்டு எலி பட்டப்பகலில் மாட்டிக்கொண்டது. கூண்டைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குக் கிளம்பினேன். படி இறங்குவதற்குள், "ஏங்க, கேக்கறீங்களா, எங்க கொண்டுபோறீங்க?" என்றாள். ஆற்றங்கரை என்றேன். அங்கே நாய் இருக்கிறதாம். சரி, காய்கறிச் சந்தை. அங்கே பூனை. மைதானம்? மேலே பருந்து. ரயில் நிலையச் சரக்குக் கொட்டகை என்றால் அங்கே மருந்து வைக்கிறார்களாம், தெரிந்தே கொண்டுபோய் விட்டால் கொன்றதற்குச் சமமாம். "சாப்பாடு கெடைக்கணும், தண்ணி கெடைக்கணும், நாய் பூனை கூடாது, மேல கூரை இருக்கணும், அங்க இருக்கறவங்க அடிக்காதவங்களா இருக்கணும். அப்பிடி எடமாப் பாத்து விட்டுட்டு வாங்க." அப்படி ஓர் இடம் எனக்குத் தெரிந்திருந்தால் நானே போய்ப் படுத்திருப்பேன். கூண்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மூன்று மணி நேரம் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் அவள் சொன்ன லட்சணமெல்லாம் பொருந்திய இடம் இந்த ஊரிலேயே ஒன்றுதான் இருக்கிறது. திரும்பி வந்து நம் பரணிலேயே திறந்துவிட்டேன்.

அதோடு போயிற்றா? மழைக்காலத்துக்கு நம் போளில் தங்கியிருக்கும் பெண் துறவி சாத்வி மகாராஜிடம் உங்கள் தங்கை இதைச் சொல்ல, அவர் மறுநாள் உபதேசத்தில் நாலு பேர் அறிய, "பிடித்த உயிரைத் தன் வீட்டிலேயே வாழவிட்ட புண்ணியவதி" என்று அவளைப் பாராட்டிவிட்டார். அன்று மத்தியானம் எதிர்வீட்டு ஜாசூத்பென் கையில் கூண்டோடு வந்து நிற்கிறாள்.

"ஹசுமதிபென், எங்க வீட்ல இதுங்களுக்கு என்ன வசதி இருக்கு? உங்க வீட்ல விட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

இப்போது போள் முழுக்கப் பிடிபடும் எலிகளெல்லாம் நம் வீட்டுக்கு வருகின்றன. கொண்டுவருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு வருகிறார்கள். நேற்று ஒருவர் முனிசிபல் வார்டு தாண்டி வந்திருந்தார். உங்கள் தங்கை எல்லாரையும் உட்காரவைத்துக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொடுத்து அனுப்புகிறாள். நான் ஒருவன் கத்தினால், "ஏன் இப்பிடிக் கொதிக்கிறீங்க? போன பிறவில யாரோ, எவரோ" என்கிறாள். யாராக இருந்தாலும் சரி, வருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக்கூடாதா?

நேற்று சாயங்காலம் கின்னரி என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை. "அப்பா, ஞாயித்துக்கெழமை அவங்க எந்திரிச்சுப் போய்ட்டா, இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் வெட்கத்தை விட்டுத் தங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

தங்கள் வீட்டில் ஒரு செவலைப் பூனை வந்து பால் குடித்துக்கொண்டு இருக்கிறதாமே. சனிக்கிழமை காலை வண்டியில் அதை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு தாங்கள் வர வேண்டும். தங்கையைப் பார்க்க வந்ததாக இருக்கட்டும், பூனையைத் தனியே விட்டுவர மனம் வரவில்லை என்று சொல்லுங்கள். பாவத்தை ஒருவன் செய்தாலும், செய்வித்தாலும், செய்ததை மெச்சினாலும் மூன்றும் ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும். நாம் அதை எதுவும் செய்யச் சொல்லப் போவதில்லை. அது பாட்டுக்குக் கூடத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அதன் வாசனைக்கே எல்லாம் வெளியேறிவிடும். மீறி அதற்கு ஏதாவது தோன்றினால் அது அதன் வினை. நாம் மெச்சாமல் இருந்தால் போதும். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். தங்கள் தங்கையின் பிள்ளைக்கு வாழ்வு கொடுக்கும் பொறுப்பு தாய்மாமனாகிய தங்கள் கையிலும் அந்தப் பூனை கையிலும்தான் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்குத் தீர்க்காயுசு. எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க, அதை வேறெங்காவது இருந்துகொண்டு செய்ய, பிரார்த்திக்கும்,

தங்கள் அன்புள்ள
பானாசந்த்

பி.கு.: பூனையைக் கொண்டுவர வேண்டாம். கொண்டுவரவே வேண்டாம். கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க எழுந்தேன், பசையை எலி தின்றிருந்தது. நான் அதைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு குரல். பார்த்தால் சந்தன்பென். "ஞாயித்துக்கெழமைன்னா வீட்டை ஜோடிச்சு வெச்சிருப்பீங்க. அதான் இன்னிக்கே வந்துட்டேன்" என்று ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததும் பரணில் பந்தயம் தொடங்கியது. ஒன்று இறங்கி வந்து அவர் காலடியிலேயே நின்று பார்த்தது. போதாததற்கு ஜாசூத்பென் வந்து, "ஹசுமதிபென், இன்னிக்கு ரெண்டு" என்று கூண்டைத் தூக்கிக் காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜாசூத்பென் ஒன்று விடாமல் எல்லாக் கதையும் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு சந்தன்பென், "பதினொரு வீடு பாத்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்திச்சு. ஒரு எலி இல்ல, ஒரு பல்லி இல்ல. இருந்ததையெல்லாம் என்ன பண்ணித் தொலைச்சாங்களோன்னு எனக்குத் தொண்டைல தண்ணி எறங்கல. இந்த வீட்டுப் பொண்ணுதான் எனக்கு மருமக" என்றார். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதும் குடித்தார். கார்த்திகையில் கல்யாணம். கின்னரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், நான் இங்கேயே உட்கார்ந்து அழுதேன். உங்கள் தங்கை மட்டும் ஜாசூத்பென் கொண்டுவந்த இரண்டையும் பரணில் விடப் போனாள்.

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுத நேரமில்லை, நாலு மணித் தபால் போய்விடும். படித்ததும் தாங்களே கிழித்துவிடவும். முக்கியமான விஷயம்: தாய்மாமன் வீட்டைப் பார்த்தால்தான் குடும்பத்தின் லட்சணம் தெரியும் என்று சொல்லி, சந்தன்பென் செவ்வாய்க்கிழமை காட்கோபர் வருகிறார். செவ்வாய் என்றால் திங்களே வருவார், சனிக்கிழமையே வந்தாலும் வருவார். அந்தப் பூனை இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷமே வீட்டை விட்டுப் போய்விட வேண்டும், ஒரு முடிகூடக் கண்ணில் படக்கூடாது. தங்கள் வீட்டில் எலி இருக்கிறதா என்று உடனே தந்தி கொடுக்கவும். இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். நல்லதாக நாலு பார்த்து எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியிலேயே நான் கிளம்பி வருகிறேன்.