சீசர் உட்கார்ந்த விவரம்

ஓசூர்,
வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் அருள்ஜோசப் அவர்களுக்கு, தங்கள் தங்கை அன்னமேரியின் கணவன் சிங்கராயர் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அன்னமேரி சுகம், நாய் சுகம். சேலத்தில் தாங்களும் மேரிராணி அக்காவும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். என் சுகத்தை எழுத இன்லண்டு லெட்டர் போதாது என்பதால் வெள்ளைத்தாள் வாங்கி உட்கார்ந்திருக்கிறேன்.

போலீஸ் நாய்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற தாங்கள் எல்லோரையும் போல ஒரு மாடு வாங்கியிருக்கலாம். அதை விட்டுச் சீசரைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் கட்டினீர்கள். "நல்ல ஜாதி நாய் மாப்பிள்ளை, சும்மா தின்னுட்டுப் படுத்திருக்கக் கூடாது. ஓசூர் கண்காட்சியிலே நாய்ப் போட்டி வைக்கிறாங்க. மொத மூணு இடத்துக்குள்ள வந்தா நாய் உங்களுது. வரலேன்னா தளி கிருஷ்ணப்பன் கேட்டுக்கிட்டே இருக்காரு, அவரு தோட்டத்துக்குப் போயிரும்" என்றீர்கள். அன்னமேரி எதிரில் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டத்துக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

நாய்க்கு ஒரு பயமும் கிடையாது. பயம் முழுவதும் எனக்குத்தான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் எனக்குத் தொண்டை வறண்டு கை நடுங்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த புதிதில் என்னை வேதாகமத்து நிருபம் வாசிக்கச் சொன்னார்கள். நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்ததில், அது ஏதோ மன்றாட்டு என்று நினைத்துச் சனங்கள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். அப்படிப்பட்டவனை மைதானத்தின் நடுவில் நிறுத்தி நாய்க்கு உத்தரவு போடச் சொன்னால் எப்படி? பயம் போக ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டு மாரம்மா மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். நான் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றதும் நாய்க்குக் கட்டிவிட்டுப் போனாள். நான் ஸ்டோர் பார்க்கிற பஸ் பாடி பட்டறையில் முனிவேல் என்று ஒரு தகர வேலைக்காரர், கூட்டம் பழகட்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து என் முன்னால் கைதட்டச் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனதுதான் மிச்சம். கடைசியில் அன்னமேரி சொன்னதுதான் கேட்டது. "ஒவ்வொரு வாட்டியும் சிலுவை போட்டுக்கிட்டு வாயைத் தொறங்க, தானா தைரியம் வரும்" என்றாள். ஏரிக்கரையில் நாயை நிறுத்தி, நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டுக்கொண்டு, "சிட்" என்பேன். டக்கென்று உட்காரும். மற்ற வித்தைகள் தாங்கள் பழக்கியவை, என் தயவு இல்லாமலே செய்யும். முதலில் உட்காரவைப்பது ஒன்றுதான் என் வேலை. மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அங்கேதான் வினை.

போன ஞாயிறு போட்டி. யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்று நான் இருக்க, தங்கள் தங்கை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று பங்குச் சனங்கள் முழுவதையும் அழைத்திருக்கிறாள். உபதேசியார் உட்பட எல்லோரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் கோட்டும் டையுமாக நிற்கிறார்கள். அவர்கள் நாய்கள் கூட என்னை மேலும் கீழும் பார்த்தன. நடுவர் ஓய்வுபெற்ற ஒரு மேஜர், மீசையே பாதிப் பயத்தை உண்டாக்கும். என் முறை வருவதற்குள் முனிவேல் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, "சாரே, கை நடுங்கறது ஊருக்கே தெரியுது, ஜேபில போட்டுக்கோங்க" என்றார். நியாயமான யோசனையாகப் பட்டது. வலது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு போய் நின்று, "சிட்" என்றேன். குரல் கூட வந்தது மச்சான். நாய் என் முகத்தைப் பார்த்தது. பிறகு என் சட்டைப்பையைப் பார்த்தது. திரும்பச் சொன்னேன். தலையைச் சாய்த்துச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றது. மேஜர் ஒரு கோடு போட்டுவிட்டு, "சரி, நடத்திக் காட்டுங்க" என்றார்.

நடத்தினேன். முன்வரிசைக்கு நேராக வந்தபோது என் முகம் வெளுத்திருப்பதைப் பார்த்து அன்னமேரிக்குப் பகீரென்றிருக்கிறது. சிலுவை போட்டுக்கொண்டாள். சீசர் உட்கார்ந்துவிட்டது. நான் இழுக்கிறேன், அது எழவில்லை. ஐயோ பாவம் என்று உபதேசியாரும் சிலுவை போட்டார். அது இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தது. எப்படியோ எழுப்பிக் கட்டையைத் தாண்ட ஓடவிட்டால், ஆண்டவரே தாண்டிவிட வேண்டும் என்று அந்த வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனது. கட்டைக்கு முன்னால் புழுதி பறக்க நின்று, வாலைச் சுருட்டிக்கொண்டு, ஆசனத்தில் அமர்கிற மாதிரி உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் அது என் வாயைக் கேட்டதே இல்லை, கையைத்தான் பார்த்திருக்கிறது. என்னை மீறி, "அடியே, எல்லாரும் கையக் கட்டுங்க" என்று கத்தினேன். நான் சபையில் உரக்கப் பேசியது அதுதான் முதல் தடவை. "நான் செபம் பண்றது கூட உங்களுக்குப் பொறுக்கலையா?" என்று தங்கள் தங்கை எழுந்து நின்று கேட்டாள். மேஜர் பேனாவை மூடினார். "நாய் நல்ல நாய், ஆளைத்தான் இன்னும் பழக்கணும்" என்றார். கடைசி இடம். எங்களுக்கு மேலே வந்தது நடுவரைக் கடிக்கப் போன நாய்.

இப்போது வீட்டு நிலவரம். சாப்பாட்டுக்கு முன் சிலுவை போட்டால் அது என் இலைக்கு எதிரே உட்கார்ந்து பங்கு கேட்கிறது. செபமாலை சொல்லும்போது உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து அதற்கு இடுப்பு வலி வந்திருக்கும். பட்டறையில் நான் வியர்வை துடைக்க நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனாலே ஆட்கள் எல்லோரும் பெஞ்சில் உட்காருகிறார்கள். வேலைக்குப் போகச் செருப்பைத் தேடினால் அதன் மேல்தான் படுத்திருக்கும். நான் திரும்பி வருகிற நேரம் எப்படித் தெரியுமோ, தெருமுனையிலேயே வந்து நிற்கும். இந்தத் தொல்லையெல்லாம் எனக்கு எதற்கு? பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். சனிக்கிழமை கிருஷ்ணப்பனை வரச்சொல்லியிருக்கிறீர்களாம். தாராளமாக வரட்டும். சங்கிலி, தட்டு, மாரம்மா கட்டிய கயிறு எல்லாவற்றோடும் ஏற்றி அனுப்பிவிடுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அன்னமேரி மூன்று நாளாகக் குழம்பில் உப்புப் போடவில்லை, அது வேறு விஷயம். இனி இந்த வீட்டுக்கு நாய், பூனை, கிளி எதையும் கொண்டுவர வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

மேரிராணி அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. மாதா தங்கள் வீட்டைக் காக்கட்டும், என் வீட்டைத் தாங்கள் காக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சிங்கராயர்.

பி.கு. உறைக்குப் பசை தேடியதில் கடிதம் தங்கிப்போய்ச் சனிக்கிழமையும் வந்துவிட்டது. கிருஷ்ணப்பன் காலையிலேயே ஜீப்பில் இரண்டு ஆட்களோடு வந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. சங்கிலியை நானே அவிழ்த்துக் கொடுத்தேன். சீசர் ஜீப் வரை நல்லபடியாகப் போய், ஏறுவதற்கு முன் திரும்பி என் வலது கையைப் பார்த்தது. அன்னமேரி வாசலில் கையை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் மைதானத்தில் கத்தியதை அவள் இன்னும் மறக்கவில்லை. நான் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனேன். சீசர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டது. ஆட்கள் இழுத்தார்கள், தூக்கப் பார்த்தார்கள். நான் நிறுத்தி நிதானமாக மறுபடியும் போட்டேன். "ஏன் சாமி, இதுக்கு என்ன ஆச்சு?" என்றார் கிருஷ்ணப்பன். "பக்தி ஜாஸ்திங்க" என்றேன், தெருக்கோடி வரை கேட்டிருக்கும். அவர் கொஞ்ச நேரம் நாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது உங்க கோயில் நாயி, எங்க தோட்டத்துக்கு ஆவாது" என்று கும்பிட்டு, கொண்டுவந்த முட்டைக்கோஸ் மூட்டையை அன்னமேரியிடம் இறக்கிவிட்டுப் போனார். ஆகையால் மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த கண்காட்சிக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது மச்சான், என் கை நடுங்கவில்லை.