சம்பந்தி வாய்க்குப் போகாத கீரை

பயந்த சுபாவம் உள்ளவன் படிக்கவே கூடாது. மற்றவர்கள் சும்மா பயப்படுவார்கள். படித்தவன் காரணங்களோடு பயப்படுவான். நான் விவசாயம் படிப்பித்தவன்.

தொண்ணூறுகளில் போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பற்றரி கிடைப்பது அரிது. ரேடியோவில் செத்துப்போன பற்றரியை வெயிலில் காயவைத்து, துளையிட்டு உப்புத்தண்ணீர் விட்டு, மறுபடியும் செய்தி கேட்போம். அதற்கும் மசியாதவற்றை ஒட்டுசுட்டானில் எங்கள் கிணற்றடிக்குப் பின்னால் புதைத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. (எண்ணாமல் புதைக்க எனக்கு வராது.) அந்த இடத்தில் கீரை தானாக முளைத்துத் தளதளவென்று நின்றது. அந்தச் செழிப்புத்தான் என் பயம். செடியின் கலங்களில், அதாவது உயிரணுக்களில், கந்தகம் சேர்ந்த குட்டிப் புரதங்கள் உண்டாகி, பற்றரியிலிருந்து கசியும் நச்சு உலோகத்தைக் கவ்விப் பிடித்து, கலத்துக்குள்ளேயே ஒரு பையில் பூட்டிவிடும். செடிக்கு ஒன்றும் ஆகாது. நஞ்சு இலைக்குள் பத்திரமாக இருக்கும், தின்பவருக்காக.

அந்த நாட்களில் மகளைப் பார்க்கக் கண்டாவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்பது எங்கள் வழக்கம். அந்த அம்மா சோற்றில் கீரையைப் பிசையத் தொடங்கினார். நான் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போனேன். பற்றரிப் பாத்தியில் ஒரு கீரைகூட இல்லை!

ஓடிவந்து, வாய்க்குப் போன கவளத்தைத் தட்டிவிட்டேன். அது மாப்பிள்ளையின் வெள்ளைச் சேட்டில் போய் விழுந்தது.

“சாப்பிடாதேங்கோ! கீரைக்குள்ளை நஞ்சு!”

“ஆருக்கு நஞ்சு வைச்சனியள்?” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார்.

நான் கலம், கந்தகம், புரதம் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர் வாசல் பக்கமாக நகர்ந்தார். குசினிக்குள் மனைவி அழத் தொடங்கினாள். மகள்தான் வெளியே வந்தாள்.

“அப்பா, அதுகளை விடியவே பிடுங்கிப் புதைச்சிட்டன். நேற்று முழுக்கப் ‘பிடுங்கு, பிடுங்கு’ எண்டு நீங்கள்தானே நிண்டனியள்! இது சந்தைக் கீரை.”

மாப்பிள்ளை சேட்டிலிருந்த கீரையை விரலால் வழித்து வாயில் போட்டார்.

“நல்லாய்த்தான் இருக்கு. இருங்கோ அம்மா.”

“இருக்கிறன். ஆனா முதல் அண்ணை சாப்பிடட்டும்.”

சாப்பிட்டேன். அதற்குப் பிறகே அவர் கை நனைத்தார்.

இன்றும் சம்பந்தி வந்தால் வீட்டில் ஒருவரும் சோற்றில் கைவைப்பதில்லை. “அண்ணை, துவங்குங்கோ” என்பார். நான் விழுங்கும்வரை எல்லோரும் என் தொண்டையையே பார்த்திருப்பார்கள். போன பொங்கலுக்குப் பதினொரு பேர். கடைசிப் பேத்திக்குத்தான் பொறுமையில்லை.

“அம்மப்பா சாகேல்லை, சாப்பிடுவம்!”