ஜீரோ சாரும் பொய் சொல்லாத மிஷினும்

பெங்களூரில் பி.காம். படித்த எவனாவது ஜீரோ சாரிடம் ஜீரோ வாங்கவில்லை என்றால், அவன் வேறு காலேஜில் படித்திருக்கிறான் என்று அர்த்தம். டிபார்ட்மெண்டில் என் பக்கத்து மேஜை அவருடையது. மார்ஜின் விடவில்லையா, ஜீரோ. பச்சை மையில் எழுதினாயா, ஜீரோ. கேண்டீனில் ஒருநாள் சாம்பாரில் உப்பில்லை. பில்லின் பின்னால் பெரிய ஜீரோ போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் கையில் ஏஐ சாட்பாட் கிடைத்தது. பசங்க அதில்தான் அசைன்மெண்ட் எழுதி வாங்குகிறார்கள் என்று யாரோ பற்றவைத்துவிட்டார்கள். சார் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு அசைன்மெண்டையும் அதிலேயே போட்டு, இதை நீயா எழுதினாய் என்று கேட்பது. அதுவும் பணிவாக, ஆமாம், நான்தான் என்றது. எல்லாவற்றுக்கும். மொத்த வகுப்புக்கும் ஜீரோ.

அந்த வகுப்பில் பொம்மனஹள்ளியிலிருந்து வருகிற அனிதாவுக்கு வேலை கிடைத்திருந்தது. இந்த பேப்பரில் பெயிலானால் அந்த வேலை போய்விடும். அவள் அழவில்லை, சண்டைக்கு வந்தாள்.

"சார், எங்கம்மா தைக்கிற கார்மெண்ட்ஸ் கம்பெனியில டார்கெட் எப்படி ஏத்தறாங்கன்னு அவங்க சொன்னதை எழுதினேன். எங்கம்மா என்ன, அதுகிட்டயா போய்ச் சொன்னாங்க?"

"அது ஏம்மா பொய் சொல்லணும்? அதுக்கென்ன ப்ரமோஷனா வேணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் காலத்தில் டைப்ரைட்டரில் அடித்த அவருடைய எம்.பில். ஆய்வேட்டை அலமாரியிலிருந்து உருவினேன். முதல் பக்கத்தை சாட்பாட்டில் போட்டு, அவர் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன். ஆமாம், நான்தான் எழுதினேன் என்றது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ அந்த ரெண்டு வருஷம் நான் என்னய்யா பண்ணிட்டிருந்தேன்?"

"சும்னே இருந்திருப்பீங்க சார்" என்று சும்மாவைக் கன்னடத்தில் சொன்னாள் அனிதா.

வேறு ஆளாக இருந்தால் மழுப்பியிருப்பான். இவர் நேராக வகுப்புக்குப் போய், போர்டில் தன் பெயரை எழுதிப் பக்கத்தில் ஜீரோ போட்டார். பிறகு ஒவ்வொருவரையும் எதிரே உட்காரவைத்து, எழுதியதைப் பற்றிப் பேசச் சொன்னார். பாதிப் பேர் நிஜமாகவே மிஷினிடம் எழுதி வாங்கிய திருடர்கள். உன் கட்டுரையில் வருகிற 'பாரடைம்' என்றால் என்ன என்று கேட்டதற்கு, ஓசூர் பக்கம் ஒரு ஊர் என்றான் ஒருவன். அவர்களுக்கு ஜீரோ அப்படியே நின்றது. அனிதா பெல் அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். சார் நிறுத்தச் சொல்லவில்லை.

மார்க்கைத் திருத்த ஆபீசுக்குப் போனால், தப்பு உங்களுடையது என்று எழுதிக்கொடுங்கள், சர்வீஸ் ரெக்கார்டில் ஏறும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் யோசிக்கவே இல்லை, எழுதிக்கொடுத்தார். அதற்குள் லஞ்ச் என்று கவுண்டரை மூடிவிட்டார்கள். மனுஷர் அங்கேயே நின்றார். மறுபடி திறந்து, அனிதாவின் மார்க் மாறியதைத் திரையில் பார்த்த பிறகுதான் டிபார்ட்மெண்டுக்குத் திரும்பி வந்தார்.

அதுவரை நான் பசியில் அவரைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், என் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்காமல்.