கருப்பட்டி மதில்

காலை ஆறு நாற்பதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. நேரம் இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், நான் அப்போது சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். பாதிச் சாவியில் விட்டுவிட்டு ஓடினேன். மீதிப் பாதியைக் கொடுக்க எனக்குத் தெம்பு வருவதற்குள் கடிகாரம் நின்றே போய்விட்டது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாசிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பார்கள். நான் பட்ட பாட்டை அவர்களும் படவேண்டாம். மூன்று சாரல் காலம் போய்விட்டது. இப்போதும் கல்லோடு கல் உரசும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் எங்கள் வீடு. பின்னால் சின்னத் தோட்டம், அதைச் சுற்றி ஆள் உயர மதில். மழைத் தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் இருக்க மதிலின் தலையில் கற்பலகைகள் பதித்திருந்தார்கள். அவற்றில் நான்கு ஆடும். ஆடுவதைக் கண்டுபிடித்தவள் என் மகள் கோமதி. அப்போது அவளுக்கு ஏழு வயது. எனக்கும் வடிவுக்கும் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து, இனி இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு பிறந்த ஒரே பிள்ளை. அவள் ஒரு தடவை தும்மினால் நான் டாக்டரை நினைப்பேன். இரண்டாவது தடவை தும்மும்போது டாக்டர் எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

இப்படி வளர்த்த பிள்ளை, கொய்யா மரம் வழியாக மதில்மேல் ஏறி ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பாள். ஆடுகிற கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் 'கடக்' என்று சத்தம் வரும். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டே அந்தக் கடக்குகளை எண்ணுவேன். நான்காவது கேட்ட பிறகுதான் மூச்சு விடுவேன். (அந்த வருஷம் சில பையன்களுக்கு நான் போட்ட மார்க்குக்கு வேறு விளக்கம் கிடையாது.) கடைசியில், மதில்மேல் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டேன்.

"கல்லு ஆடலைன்னா ஏறலாமா?" என்று கேட்டாள்.

கல் ஆடாத நாள் வரப்போவதில்லை என்ற தைரியத்தில், ஏறலாம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து தினமும் காலையில், "அப்பா, கொத்தனார் எப்ப வருவாவ?" என்பதுதான் வீட்டில் முதல் பேச்சு.

கொத்தனார் மாடசாமியைத் தேடி ஒரு நாள் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். சாரல் தொடங்கிவிட்டால் மாடசாமி சாந்துச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலோடு அருவிப் பக்கம் போய்விடுவார். குளிக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது அவருக்கு சீசன் தொழில். நாங்கள் போனபோது ஒரு பெரிய முதுகை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தார். அந்த முதுகுக்காரரை ஏன் அடிக்கிறார் என்று கோமதி என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"சுவரு எங்கன போயிரப்போவுது சார்?" என்றார் மாடசாமி, அறைவதை நிறுத்தாமலே. "புரட்டாசி பொறக்கட்டும், வாரேன்."

புரட்டாசி வரைக்கும் நான் உயிரோடு இருப்பேனா என்ற சந்தேகத்தில், நானே கல்லைப் பதிப்பது என்று முடிவு செய்தேன்.

சிமெண்டுக்குச் சர்க்கார் பெர்மிட் வேண்டும். அது கிடைப்பதற்குள் கோமதிக்குக் கல்யாணமே ஆகிவிடும். சுண்ணாம்பும் மணலும் கிடைத்தன. நான் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். அந்தக் காலத்துக் கோட்டைகள் ஏன் இன்னும் நிற்கின்றன என்றால், சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் போட்டுக் கட்டினார்கள் என்று வருஷாவருஷம் வகுப்பில் முழங்குகிறவன். கடுக்காய் கைவசம் இல்லை. அதற்கும் சேர்த்துக் கருப்பட்டியையே போட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு போடவேண்டும் என்று எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை.

சாரல் காலம், சுக்குக் காப்பிக்காக வடிவு ஓர் ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி வாங்கி வைத்திருந்தாள். அதில் பாதியை எடுத்தேன். தண்ணீரில் கரைத்து வடிகட்டி அல்லவா சேர்க்கவேண்டும்? நான் அம்மிக் குழவியால் உடைத்துக் கட்டி கட்டியாகக் கொட்டிக் கிளறினேன். தோட்டம் முழுக்க மணத்தது. வடிவு அடுக்களை வாசலில் வந்து நின்று பார்த்தாள்.

"என்ன செய்யுதிய? சுவரு பூசுதியளா, பணியாரம் சுடுதியளா?"

சரித்திரம் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்று நான் இன்னொரு கட்டியை உடைத்துப் போட்டேன். நான்கு கல்லையும் தன்னந்தனியாகத் தூக்கிப் பதித்தேன். மட்டம் பார்க்கத் தம்ளரில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். சாரல் படாமல் இருக்க மேலே சாக்கு விரித்தேன். கோமதி கீழே நின்று, "நாளைக்கு நடக்கலாமா?" என்றாள். நாளைக்குக் காலையில் ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அன்று ராத்திரி, சாரல் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாற்பது. கடக்.

அதோடு நிற்கவில்லை, பின்னாலேயே 'தொம்' என்று ஒரு சத்தம். கோமதிதான் ஏறிவிட்டாள் என்று தோட்டத்துக்கு ஓடினேன். மதில்மேல் குரங்குகள். பந்திக்கு உட்கார்ந்ததுபோல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் சாக்கு கீழே கிடந்தது. தாட்டியான கடுவன் குரங்கு ஒன்று, கல்லின் ஒரு முனையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அடியிலிருந்த கருப்பட்டிக் கட்டியை நோண்டி நோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. நான் குடையை எடுத்து வந்து விரித்துக் காட்டினேன். பரிமாற ஆள் வந்துவிட்டது என்பதுபோல் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தன.

அப்போதுதான் கீழே விழுந்து கிடந்த கல்லைப் பார்த்தேன். அதன் அடியிலிருந்து நீலத் துணி ஒன்று எட்டிப் பார்த்தது. ஓரத்தில் மஞ்சள் கரை. கோமதியின் பாவாடை.

கோமதி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஓடிப் போய்ப் பாயைப் பார்த்தேன். போர்வை மட்டும் கிடந்தது. திரும்பி ஓடி வந்து கல்லைத் தூக்கினேன். முந்தின நாள் நான்கு கல்லைத் தனியாகத் தூக்கியவனால் அந்த ஒரு கல்லை அசைக்க முடியவில்லை. பல்லைக் கடித்து இழுத்தேன், ஒரு நூல் நகரவில்லை. என் குரலைக் கேட்டு அடுத்த வீட்டுச் செல்லையா அண்ணாச்சி, சவரம் பாதி முடிந்த முகத்தோடு ஓடி வந்தார். என்னையும் கல்லையும் ஒரு நிமிஷம் பார்த்தார்.

"சார், மொதல்ல கல்லுல இருந்து இறங்குங்க."

இறங்கினேன். அண்ணாச்சி ஒரு கையால் கல்லைப் புரட்டிப் போட்டார். அடியில் பாவாடை, சகதி, கருப்பட்டிக்கு வந்த எறும்பு. வேறு ஒன்றுமில்லை. ஈரத் துணி எங்கும் காயவில்லை என்று முந்தின நாள் சாயங்காலம் சாரல் விட்டிருந்த நேரத்தில் வடிவுதான் அதைச் சாக்கின்மேல் போட்டிருக்கிறாள். நான் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அழுததாக வடிவு சொல்லுகிறாள். சகதி அப்பிய முகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

"சரி, பிள்ளை எங்க?" என்றாள் வடிவு.

எனக்குச் சிரிப்பு நின்றது. கொய்யா மரத்தைப் பார்த்தோம், கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். அரிசி டின்னைத் திறந்துகூடப் பார்த்தேன் (இரண்டு வயதிலேயே அதற்குள் அவள் அடங்கியிருக்க மாட்டாள்). அண்ணாச்சி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டுத் திரும்பி வந்து, "கிணத்துல இல்ல" என்றார். நான் அதுவரை கிணற்றை நினைக்கவே இல்லை. நினைக்கத் தெரியாமல் இருந்ததற்கு இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்லுகிறேன்.

ரோட்டுக்கு ஓடினேன். சீசன் ஞாயிறு; குற்றாலத்தைப் பார்த்து வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு வண்டியையும் மறித்து, ஏழு வயசுப் பெண் பிள்ளை, நீலப் பாவாடை கட்டியிருக்கும், பார்த்தீர்களா என்று கேட்டேன். நீலப் பாவாடை என் கையில் இருந்தது. ஒரு வண்டிக்காரர் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மாட்டைத் தட்டிவிட்டார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. எல்லா வண்டியும் மேற்கே போக, ஒரு குதிரை வண்டி மட்டும் மேற்கேயிருந்து வந்தது. முன்னால் வண்டிக்காரர் பக்கத்தில் கோமதி. பின்னால் முழங்கை வரை எண்ணெயோடு மாடசாமி. அவருக்குப் பக்கத்தில், இடுப்பில் துண்டோடு, பாதி உடம்பு மட்டும் எண்ணெய் தேய்த்த ஒரு பெரியவர். மீதிப் பாதியை எங்கே தேய்த்தாலும் சரி என்று கூடவே ஏறிவிட்டாராம்.

கோமதியை வாரி எடுத்தேன். அடிக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். அவள் கைவிரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லாம் இருந்தன.

"நான் ஏறலப்பா," என்றாள் அவள். "விடிஞ்சதும் மரத்துல நின்னு கல்லைத் தொட்டுத்தான் பாத்தேன். ஆடிச்சு. அதான் இவுகளக் கூட்டியாந்தேன்."

ஏறக்கூடாது என்றால் ஏறாத பிள்ளை, அருவி வரைக்கும் தனியாகப் போகக்கூடாது என்று நான் சட்டம் போடாததால் போயிருக்கிறாள். மாடசாமியிடம் போய் அவள் என்ன சொன்னாள் என்பதை அவரே சொன்னார். "எங்கப்பா சுவரு கட்டிட்டாவ, சீக்கிரம் வாங்க" என்றாளாம். அவள் சொன்ன வேகத்தில், வீடு தீப்பிடித்ததுபோல் பதறி, பாதி முதுகை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கிறார். இன்றைக்கும் நான் ஓர் ஆணியையும் சுத்தியலையும் கையில் எடுத்தால் போதும். வடிவு வாசலைப் பார்த்து, கோமதி சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்லுவாள்.

எல்லோரும் தோட்டத்துக்குப் போனோம். பந்தி முடிந்து குரங்குகள் அண்ணாச்சி வீட்டு ஓட்டுக்கு மாறியிருந்தன. மாடசாமி விழுந்து கிடந்த கல்லிலிருந்து கொஞ்சம் சாந்தைக் கிள்ளி எடுத்தார். விரலுக்கு நடுவே உருட்டினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன்போல நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எல்லாஞ் சரியாத்தான் போட்டிருக்கிய சார்," என்றார். "சுக்கு மட்டுந்தான் விட்டுப்போச்சு."