ஆறு நாவல்காரர்

பதினான்கு என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபரைப் போட்டுவிட்டு அவள் பேனாவை மூடினாள். இடம் போதாமல் அந்தச் சைபர் கட்டத்தின் ஓரத்தில் நசுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. இருந்தாலென்ன, சைபர் சைபர்தான்.

"நாவல், இதுவரைக்கும் நூத்தி நாப்பது பக்கம்" என்று கொஞ்சம் உரக்கவே படித்தாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"நூத்தி நாப்பதா? மெல்லிசா இருக்குமேம்மா. முதுகுல பேரைக்கூடப் போட முடியாது."

"இது பாதிதான் சார். முழுசா முன்னூறு வரும்" என்றாள் அவள் பட்டென்று.

பகலில் அவளுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. மாலையில் துப்பறியும் கதை எழுதுவாள். பதிப்பாளர் யாரையும் நம்பாமல் தானே எழுதி, தானே அச்சுக்குக் கொடுத்து, தானே விற்கிற சுயேச்சை எழுத்தாளர். நம்பாமை பதிப்பாளர்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துப்பறியும் கதை எழுதி எழுதி, யார் எதைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றும். "சாப்பிட்டாச்சா?" என்று கணவன் கேட்டால்கூட, "ஏன் கேக்கறீங்க?" என்பாள்.

ஜனவரியில் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு ஆண்டு இலக்குகளை எழுதியிருந்தாள். முன்னூறு பக்கத்தில் ஒரு நாவல். பன்னிரண்டு சிறுகதைகள். மாதம் ஒரு முறை வாசகர்களுக்குக் கடிதம். அதோடு நிற்காமல், 'சொந்தமாகப் புத்தகம் செய்பவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படிப்பறை மூலை மேசையில் கூடி முன்னேற்றத்தைப் பரிசீலிக்கலாம்' என்று நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டையும் குத்தி வைத்தாள். ஆறு மாதம் ஈ காக்கை வரவில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை போனபோது இந்த மனிதர் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலடியில் ஒரு பெரிய துணிப்பை, பிதுங்கப் பிதுங்கத் தாள் கட்டுகள்.

"நீங்களும் சொந்தமாப் புத்தகம் பண்றவரா சார்?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம்மா. இருபது வருஷமா. யார்கிட்டயும் போய்க் கை கட்டி நின்னதில்லை."

"இந்த வருஷம் எத்தனை முடிச்சீங்க?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "பெருசு ஆறு முடிஞ்சுது. சின்னதையெல்லாம் நான் கணக்குல வெச்சுக்கறதில்லை."

அப்போதுதான் அந்தச் சைபர் தானாக விழுந்தது. ஆறு நாவல் முடித்தவருக்கு முன்னால் பதினான்கு பக்கம் என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் கொட்டினாள். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எந்தப் பிரச்சினையானாலும் முதலில் மேலே பார்ப்பான், பிறகு கீழே பார்ப்பான், அப்புறம்தான் பேசுவான்.

"ஆறு மாசத்துல ஆறு நாவலா? இடிக்குதே" என்றான்.

"அதான் நானும் சொல்றேன். அந்த ஆளு புளுகறாருங்க."

"நீ எவ்வளவுன்னு சொன்னே?"

"அது வேற விஷயம்."

அடுத்த சனிக்கிழமை அவரை மடக்கிவிடுவது என்று கேள்விகளைக் குறித்துக்கொண்டு போனாள். பொய் சொல்கிறவனை நேராகக் கேட்கக் கூடாது, தொழில் நுணுக்கத்தில் வைத்துப் பிடிக்க வேண்டும் என்பது அவளுடைய கதைகளில் வரும் துப்பறிவாளரின் வழக்கம்.

"சார், எனக்கு நடுவுல வந்ததும் தொய்வு விழுந்துடுது. உங்களுக்கு எப்படி?"

அவர் முகம் மலர்ந்தது. "எல்லாருக்கும் வர்ற பிரச்சினைதாம்மா. ஆரம்பமும் முடிவும் கெட்டியா இருக்கும், நடுவுல தொய்ஞ்சு தொங்கிடும். அங்கங்கே ஒட்டுப் போட்டு ஓட்டிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. பயப்படாம மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுடணும். பிரிச்சுட்டு முதல்லேர்ந்து கட்டணும்."

அவள் அசந்துபோனாள். இதைவிடத் தெளிவாக நாவல் கலையை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. பேசும்போது அவர் மேசையில் வைத்திருந்த வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் தடித்த காய்ப்பு. எழுதி எழுதிக் காய்த்த விரல்! அவள் தன் விரலைத் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது.

"எல்லாத்தையும் நீங்க ஒருத்தரே பண்றீங்களா?"

"முடியுமாம்மா? தங்கச்சியும் தங்கச்சி வீட்டுக்காரரும் கூட இருக்காங்க. வெட்டறது, ஒட்டறதெல்லாம் அவங்க. முக்கியமான வேலைக்கு மட்டும் நான் கையை வைப்பேன்."

வீட்டுக்குத் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமலே கத்தினாள்.

"வெட்டி ஒட்டறாங்களாம்! குடும்பமா உட்கார்ந்து வெட்டி ஒட்டறாங்களாம்! வாய் கூசாம சொல்றாருங்க!"

"அப்போ அந்த விரல் காய்ப்பு?"

"அதான் குழப்பமே."

கணவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "அவர் எழுதினதை ஒரு தடவை வாங்கிப் படிச்சுப் பாரேன். தெரிஞ்சுடப் போகுது."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அடுத்த வாரம், போன வாரம் வரை ஆறு நாவல்காரராக இருந்தவர் ஏழு நாவல்காரராக ஆகியிருந்தார். அவள் குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "சார், உங்களோடது ஒண்ணு எனக்குக் காட்டுங்களேன். என்னோடதையும் நான் கொண்டு வரேன்" என்றாள்.

"தாராளமா. முதல்ல உங்களோடதைக் கொண்டு வாங்க, பார்த்துடலாம். முன்னூறு பக்கம்னு சொன்னீங்க இல்ல?"

"கிட்டத்தட்ட."

"கிட்டத்தட்டன்னு சொல்லாதீங்கம்மா. ஒரு பக்கம் குறைஞ்சாலும் அப்புறம் பிரிச்சு நடுவுல சொருகறது பெரிய பாடு. முழுசா முடிச்சே கொண்டு வாங்க. எப்போ?"

அவர் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. நம்மைச் சோதிக்கிறார் என்று அவளுக்கு உறைத்தது. அவருக்கும் நம்மேல் சந்தேகம் வந்துவிட்டது; பதினான்குக்குப் பக்கத்தில் நசுங்கிக் கிடந்த சைபரைக் கண்டுபிடித்துவிட்டார்!

"செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை" என்று வாய் தானாகச் சொன்னது.

அதற்குப் பிறகு அந்த வீட்டை வீடு என்று சொல்ல முடியாது. காலை ஐந்து மணிக்கு அலாரம். சமையலறையைக் கணவன் ஏற்றுக்கொண்டான். அவன் வைத்த குழம்பும் அவன் லிஃப்ட்டுக்குப் போடும் எண்ணெயும் ஒரே வாசனை அடிப்பதாக அவளுக்குச் சந்தேகம். கேட்க நேரமில்லை. அவளுடைய நாத்தனார் ஒரு நாள் பார்க்க வந்து, கதவைத் திறந்தவள் "கத்தியை எங்கே மறைச்சு வைக்கலாம்?" என்று கேட்டதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

கடையிலும் நிம்மதியில்லை. ஒரு நாள் முதலாளி ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"இது யாரோட பவர் சீட்டு?"

"ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்காரே, அந்தப் பெரியவரோடது சார்."

"வலது கண்ணுல மைனஸ் ஒண்ணுன்னு போட்டிருக்கு. சரி. இடது கண்ணுல, 'அவன் இனி உயிரோடு இருக்கக் கூடாது'ன்னு போட்டிருக்கு. இதுக்கு நான் என்ன லென்ஸ் போடட்டும்?"

பெரியவர் அந்தச் சீட்டை ஏற்கெனவே படித்திருந்தார். இடது கண்ணை மூடியபடியே எழுந்து போய்விட்டார். முதலாளி அவளை ஒரு வாரம் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கச் சொன்னார். அந்த ஒரு வாரத்தில் எண்பத்திரண்டு பக்கம் ஓடியது.

வெள்ளிக்கிழமை மாலை முன்னூறாவது பக்கத்தில் கொலைகாரன் பிடிபட்டான். அவள் அதை மேலே தலைப்பும் தன் பெயரும் போட்டு அச்செடுத்து, கனமான கட்டாக இரண்டு ரப்பர் வளையம் மாட்டி, மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். அந்த ஆண்டில் முதல் தடவையாகக் கட்டத்தாளில் இருந்த எண் உண்மையாகியிருந்தது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

சனிக்கிழமை, அதற்குள் பத்து நாவல்காரராகிவிட்ட அவர் கட்டை வாங்கினார். படிக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தார். ஓரங்களை மேசையில் தட்டி ஒழுங்காக்கினார். கட்டைவிரலால் சர்ரென்று ஒரு தடவை புரட்டினார், அவ்வளவுதான்.

"ஒரு வாரம் குடுங்க" என்றார்.

"ஒரு பக்கமாவது படிச்சுப் பாருங்களேன் சார்."

"படிக்கறதுக்கெல்லாம் எங்கம்மா நேரம்? கையில எடுத்தாலே தெரிஞ்சுடும். நல்லாவே வரும்." கட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"உங்களோடது சார்? எனக்குக் காட்டறேன்னு சொன்னீங்களே?"

"என்னோடதுன்னு எதைக் காட்ட?" அவர் சிரித்தார். "இங்கே அலமாரியில நிக்கிறதுல பாதி என் கை பட்டதுதான். எல்லாம் மத்தவங்க புத்தகம். நான் எடுத்துட்டுப் போய்ப் புதுசு மாதிரி ஆக்கிடுவேன். எழுதினவங்களே வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது."

சொல்லிவிட்டுப் பேருந்து வந்துவிட்டது என்று ஓடினார். அவள் வாசல் வரை துரத்திக்கொண்டு போனாள். முன்னூறு பக்கம் அவருடைய பையில் ஆடிக்கொண்டே படியேறிப் போயிற்று.

"வாக்குமூலம்!" என்று வீட்டில் நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். "மூஞ்சிக்கு நேரா வாக்குமூலம் குடுத்துட்டு என் நாவலைத் தூக்கிட்டுப் போயிட்டாருங்க! இத்தனை நாளும் அந்த மேசையில உட்கார்ந்து என்னை மாதிரி ஏமாளிங்களைத்தான் தேடிட்டு இருந்திருக்காரு!"

"பேரு, விலாசம் ஏதாவது தெரியுமா?"

தெரியாது. ஒரு சைபரை மறைக்கிற அவசரத்தில் அவர் பெயரைக் கேட்கவே மறந்திருந்தாள். துப்பறியும் கதை எழுதுகிறவள்!

அந்த வாரம் முழுக்கப் புத்தகக் கடைகளின் கண்ணாடி அலமாரிகளில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தன் கதை வேறு யாராவது பெயரில் வந்துவிட்டதா என்று தேடினாள். இராப்பகலாகப் புகார்க் கடிதம் ஒன்றும் எழுதினாள். ஒன்பது பக்கம் வந்தது; நடுவில் தொய்வு இருப்பதாகத் தோன்றியதால் மொத்தத்தையும் பிரித்துப் போட்டு மறுபடியும் கட்டினாள். அப்போதும் அந்த மனிதர் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது என்பதில் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மூலை மேசை காலியாக இருந்தது. பத்தரைக்கும் காலி. பதினொன்றுக்குக் கணவனை இழுத்துக்கொண்டு நூலகர் அம்மாவின் முன்னால் போய் நின்றாள். நூலகர் அம்மா எதையும் நிதானமாகச் செய்கிறவர். தேதி முத்திரை குத்துவதைக்கூட முதலில் ஊதிவிட்டுத்தான் குத்துவார்.

"மேடம், எனக்கு அந்த எழுத்தாளரோட விலாசம் வேணும். உடனே வேணும்."

"எந்த எழுத்தாளர்?"

"அதான், மூலை மேசையில உட்காருவாரே. துணிப்பை. காய்ச்ச விரல். இப்போ பதினோரு நாவல் ஆகியிருக்கும்!"

"பதினோரு நாவலா?"

"பதினொண்ணாவது என்னோடது மேடம்!" அவள் புகாரை நீட்டினாள். "முன்னூறு பக்கம். என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன். நான் போலீசுக்குப் போறேன். நீங்க சாட்சி."

கணவன் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். "ஆமாங்க மேடம்" என்றான்.

ஒன்பது பக்கப் புகாரை நூலகர் அம்மா வாங்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது பக்கம் வரை பொறுமையாகப் படித்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். சிவப்புத் துணி அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் அவளுடைய நாவலின் பெயரும் அவள் பெயரும் பொறித்த தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்து, "நேத்தே குடுத்துட்டுப் போனாரு" என்று அவள் பக்கமாகத் தள்ளினார்.

அவள் அதை எடுத்தாள். புரட்டினாள். ஒரு பக்கமும் குறையவில்லை, ஓர் எழுத்தும் மாறவில்லை.

"என் பேரையே போட்டிருக்காரே?" என்றாள் இன்னும் அதிகச் சந்தேகத்துடன். "இதுல ஏதோ சூது இருக்கு மேடம். எந்த எழுத்தாளராவது அடுத்தவங்க பேரைப் போடுவாரா?"

"எழுத்தாளரா, யாரு, அவரா?" என்றார் நூலகர் அம்மா. "இங்கே கிழிஞ்சுபோற புத்தகத்தையெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமை எடுத்துட்டுப் போய்த் தைச்சு அட்டை போட்டுத் தர்ற பைண்டரும்மா அவரு!"