நான் கட்டாத வீடு

கொல்கத்தா, ஜாதவ்பூர்.

கர்த்தருக்குள் பிரியமான மச்சான் தங்கதுரைக்கு அத்தான் அருமைநாயகம் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். சாயர்புரத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். உன் அக்கா அன்னப்பூ போனில் அழுது, பெட்டியோடு அங்கே வந்துவிடுகிறேன் என்றாளே, அவள் வரவில்லை. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் சமையல் வேலையை விட்டபிறகு அவள்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள் அல்லவா. வருஷப் பிறப்பு ஆராதனையில் ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, இத்தனை காலமும் என் அட்டையை அவள்தான் வாசிப்பாள். இந்த வருஷம் நானே வாசித்தேன். நீ கட்டாத வீடு, நீ வெட்டாத கிணறு, நீ நடாத திராட்சைத் தோட்டம் எல்லாம் உனக்குக் கிடைக்கும் என்று இருந்தது. மச்சான், எனக்குப் புல்லரித்துவிட்டது. என் மகன் ஜெபசிங் நியூ டவுனில் ஃப்ளாட் வாங்கி, போன மாதம்தான் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினான். நான் கட்டாத வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, நான் வெட்டாத கிணறு. சாப்பாட்டு மேஜையில் ஒரு குலை திராட்சைகூட இருந்தது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? விடிந்ததும் கீழே போய், மாதக் கடைசியில் அறையைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரர் தத்தா பாபுவிடம் சொல்லிவிட்டு, ஆட்டுக்கல்லையும் சாக்கில் கட்டிவைத்துவிட்டுத்தான் மகனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நீங்க பாத்தது சும்மா காட்டுறதுக்குக் கட்டி வெச்சிருக்கிற மாதிரி வீடு. நம்ம வீட்டுக்கு இப்பதான் குழி தோண்டுறான். இன்னும் யாருமே கட்டல!"

"அப்ப அந்தத் திராட்சை?"

"பிளாஸ்டிக்குப்பா."

அதற்குப் பிறகு உன் அக்கா பேசியதையெல்லாம் எழுத எனக்கு இன்னும் அவ்வளவு எழுத்து வராது. "ஒரு வாய் இட்லியைப் பிச்சுப் போட்டுட்டு, இதான் கல்யாணச் சாப்பாடுன்னு எந்திரிச்சு வந்துட்டீங்களே! பிறத்தியான் வீட்டுக்கு ஆசைப்படாதேன்னும் இதுலதான எழுதியிருக்கு? அடுத்த வரியையாவது பாத்தீங்களா?" என்று கேட்டு, நீ கிறிஸ்மஸுக்குக் கொடுத்த பெரிய எழுத்து வேதாகமத்தை என் மடியில் வைத்தாள். விரல் வைத்துப் படித்தேன். தின்று திருப்தியான பின், உன்னை அடிமைத்தனத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவரை மறந்துவிடாதே என்று இருந்தது. அட்டையில் இடம் போதவில்லையோ என்னவோ, அதை விட்டுவிட்டார்கள்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தத்தா பாபுவிடம் போனேன். புது ஆளுக்குப் பேசி முடித்திருப்பார் என்று பயம். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, அண்ணா என்று அழைத்து வங்காளத்தில் சொன்னார்: "தாதா, முப்பது வருஷமா உங்களைத் தெரியும். அதையெல்லாம் விட்டுட்டு, ஒருநாள் காலைல நீங்க சொன்ன ஒத்தை வார்த்தையையா பிடிச்சுக்குவேன்? போங்க, போய்ச் சாக்கை அவிழுங்க."

மேலே வந்து சொன்னேன். "அவருக்கு வாசிக்கத் தெரியுது," என்றாள் உன் அக்கா. அங்கே வரும் பேச்சை விட்டுவிட்டு, அன்றிலிருந்து என்னோடு நல்லபடியாகப் பேசுகிறாள்.

மச்சான், அட்டை பொய் சொல்லவில்லை. இந்த எழுத்துத்தான் நான் கட்டாத வீடு. அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக வைத்து உன் அக்கா கட்டினாள். குடியேறியதும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டை கட்டினேன். ஆகையால், வேதத்தை முழுதாகப் படித்தால்தான் ஒரு வசனமாவது விளங்கும் என்று உனக்குப் புத்தி சொல்கிறேன். உங்கள் சபையாரிடமும் சொல். அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். சின்னதுகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
நன்றியுள்ள அத்தான்,
அருமைநாயகம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவரு மாதிரி எழுதியிருக்கீங்க. இதுவரைக்கும் எவ்வளவு படிச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அட்டையும் அடுத்த வரியும்தான். எனவே நான் சொன்ன புத்தியை, கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம்வரை நான் படித்து முடிக்கும் மட்டும் நம்பாதே. நன்றியை மட்டும் இப்போதே எடுத்துக்கொள்.